புழக்கத்துக்கு வராத வாசல்
பல்கலைக்கழக இணையதளங்களை வாசித்தல்

கணினிக்குச் சாதி தெரியாது என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பியதற்குக் காரணம் இருந்தது.

நான் எம்.ஏ. தமிழ் சேர்ந்த காலத்தில் விண்ணப்பம் வாங்கவே நேரில் போகணும். பேங்கில் டி.டி. எடுத்துக்கொண்டு ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் டி.டி.யைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பார். "எந்த ஊரும்மா?" ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது. "ஊர்ல எந்தப் பக்கம்?" அந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் அவர் குரல் மாறும். சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, மூணு மணிக்கு வா என்பார். அந்த ஜன்னலும் அந்த ரெண்டாவது கேள்வியும் இல்லாமல் ஒரு காலனிப் பெண் விண்ணப்பிக்க முடியும் என்று இணையதளம் வந்தபோது சந்தோஷப்பட்டவள் நான். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் முழுசாக விட்டுக்கொடுக்க மனசில்லை. 2018-இல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியபோது அப்பனும் மகளுமாகச் சென்னைக்குப் பஸ் ஏறி, எங்கே தங்குவது என்று தெரியாமல் நின்ற கொடுமை ஒழிந்தது. அது நடந்த நன்மை.

ஆனால் ஜன்னலை மூடிவிட்டு, அதே ஆளை இணையதளத்துக்குள் குடிவைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வந்த ஒரு பெண்ணால்தான் எனக்குப் புரிந்தது.

எம்.ஏ. வரலாறு படிக்க ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது அவளுக்கு. (எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.) அப்பா செங்கல் சூளை, அம்மா நூறுநாள் வேலை. விடுதி கிடைத்தால்தான் படிப்பு. இடம் கிடைத்த கடிதத்தோடு விடுதி கேட்டுப் போனாள். "ஆஸ்டலுக்கு தனி அப்ளிகேஷன். தேதி முடிஞ்சு மூணு நாளாச்சு" என்றார்கள். "யாரும் சொல்லலீங்களே சார்." "வெப்சைட்ல போட்டிருக்கமேம்மா, பாக்கலியா?"

அன்றைக்கு ராத்திரி அவள் போனிலேயே ரெண்டு பேரும் தேடினோம். முகப்பில் விடுதி என்ற சொல்லே இல்லை. சிவப்பு எழுத்தில் 'புதிது' என்று மின்னி மின்னி ஒரு பட்டை ஓடுகிறது. அதில் ஓடுபவற்றில் பாதி நாலு வருஷத்துக்கு முந்தைய கருத்தரங்கு. நிர்வாகம் என்பதைத் தொட்டு, அதற்குள் டீன் அலுவலகம், அதற்குள் சுற்றறிக்கைகள், அதற்குள் வெறும் எண்களால் பெயரிட்ட பி.டி.எஃப். வரிசை. ஒன்பதாவதைத் திறந்தபோது கோணலாக ஸ்கேன் செய்த ஒரு தாள். மூன்றாம் பத்தியில் விடுதி. கடைசி வரியில் தேதி. "அக்கா, இதுல நான் முன்னாடியே மூணு தடவை வந்தங்கா. டீனுன்னா யாருன்னே எனக்குத் தெரியாது, அவரு எதுக்கு ஆஸ்டல் தருவாருன்னு உட்டுட்டேன்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிற விமர்சனத்தைவிடப் பெரிதாக நான் எழுதிவிடப் போவதில்லை. இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது.

இணையதளம் ஒன்று கையாள எளிதாக இருக்கிறதா என்று பார்க்கும் துறைக்கு யூசபிலிட்டி என்று பெயர். தமிழில் பயன்பாட்டுத்தன்மை, பயன்படுதன்மை என்றெல்லாம் ஆக்குகிறார்கள். தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு அதெல்லாம் வேண்டாம். நம்மிடம் சொல் இருக்கிறது: புழக்கம். புழங்குற தண்ணி, புழங்குற பாத்திரம், "அவங்க வீட்டுல நாம புழங்க முடியாது". இந்தச் சொல்லின் வலி தெரிந்தவர்கள் நாம்தான். ஒரு இடம் இருப்பது வேறு, அங்கே புழங்குவது வேறு. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுத்தெரு, பொதுக்கிணறு, அரசு அலுவலகம் எல்லாம் எல்லாச் சாதியாருக்கும் திறந்தவை என்று ஆனது. மகாத் குளமும் நகராட்சித் தீர்மானத்தின்படி திறந்தே இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்க 1927-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, அடியும் வாங்க வேண்டியிருந்தது. திறந்திருக்கிறது என்று அறிவிப்பவனுக்கும் புழங்கப் போகிறவனுக்கும் நடுவில் இருக்கிற தூரம் நமக்குப் புதுசில்லை. 'வெப்சைட்ல போட்டாச்சு' என்பது அந்தத் தூரத்தின் இன்றைய பெயர்.

முன்பு தண்டோரா இருந்தது. அதைப் போட வைக்கப்பட்டவர்கள் நம் ஆட்கள். அது சாதி சுமத்திய வேலை, 2022-இல் தமிழக அரசு நிறுத்தச் சொன்னது, ஒழிந்தவரைக்கும் நல்லது. அதைப் பற்றி எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தண்டோரா போட்டவர் தெருமுனையில் நின்று, கேட்கிற மாதிரி அடித்து, புரிகிற பேச்சில் சொன்னார். கேட்கவில்லை என்று ஒரு வீடு சொன்னால் குற்றம் அவர் தலையில் விழும். இணையதளத்தில் அது தலைகீழ். கேட்காதவள்தான் குற்றவாளி.

இனி முகப்பை வாசிப்போம். ஒரு கவிதைத் தொகுதியை, நாவலை எப்படிக் கட்டுடைத்து வாசிக்கிறோமோ அப்படியே இதையும் வாசிக்கலாம். யார் எழுதியது, யாருக்காக எழுதியது, யாரை வெளியே நிறுத்தி எழுதியது என்று.

நான் பார்த்தவற்றில் பெரும்பாலான முகப்புகளில் முதலில் வருவது துணைவேந்தர் படம், பிறகு அவர் செய்தி, பிறகு கட்டடம் நகர்கிற படங்கள், நாக் தரம், என்.ஐ.ஆர்.எஃப். இடம், புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான படம். யாருக்கு இவை? நாக் குழுவுக்கு. 2017-இல் நாக் மதிப்பீட்டு முறை மாறிய பிறகு ஆவணங்களை இணையதளத்தில் ஏற்றிக் காட்டும் வேலை பெருகியது. 2015-இல் அறிவிக்கப்பட்ட என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து இணையதளத்தின் முதல் வாசகர் மாணவி இல்லை, சோதனைக்கு வருகிற அதிகாரி. கலெக்டர் வருகிறார் என்று பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிப்பதை நாம் பார்த்ததில்லையா? இங்கே வருஷம் முழுக்க வெள்ளையடிப்பு.

அமெரிக்காவிலும் இந்தச் சிரிப்பு உண்டு. ராண்டல் மன்ரோ என்கிற கேலிச்சித்திரக்காரர் 2010-இல் ரெண்டு வட்டம் போட்டார். ஒன்றில் பல்கலைக்கழக முகப்பில் இருப்பவை, இன்னொன்றில் வருகிறவர்கள் தேடுபவை. ரெண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர். நல்ல கேலி. ஆனால் அந்தக் கேலியில் தேடுகிறவனுக்கு நஷ்டம் கொஞ்ச நேரம். வாகனம் நிறுத்த இடம் தேடுகிறவன் அதில் வருகிறான். நம் வீட்டுப் பிள்ளைக்கு அதே கோளாறில் ஒரு வருஷம் போகும், சிலருக்குப் படிப்பே போகும்.

முகப்புக்குப் பிறகு மெனு. பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், டீன், சிண்டிகேட், செனட், ஐ.க்யூ.ஏ.சி. நிர்வாகக் கட்டடத்தில் எந்த மாடியில் எந்த அறை இருக்கிறதோ, அதை அப்படியே பெயர்த்து மெனுவாக வைத்திருக்கிறார்கள். விடுதி வேண்டும், உதவித்தொகை வேண்டும், டி.சி. வேண்டும் என்று வருகிறவளுக்கு, அதைத் தருகிற அதிகாரியின் பதவிப் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யாருக்குத் தெரியும்? அப்பா பேராசிரியராக, மாமா சூப்பிரண்டாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இணையதளமே தேவையில்லை, போன் பண்ணிக் கேட்டுவிடும். மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டின் திண்ணைப் பேச்சைப் பொது அறிவு என்று எண்ணிக்கொண்டு கட்டிய வாசல் இது.

யாக்கோப் நீல்சன் இந்தத் துறையில் பெரிய பெயர். 1994-இல் அவர் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, புழங்குகிறவரின் மொழியில் பேசு, உன் அலுவலக மொழியில் பேசாதே என்பது. இன்னொன்றையும் அவர் 2000-இல் எழுதினார். அய்ந்து பேரை உட்காரவைத்து இதைச் செய், அதைத் தேடு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா இருந்து பார், பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும் என்றார். சரியான பேச்சு. ஆனால் அந்த அய்ந்து பேர் யார் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. 'புழங்குகிறவர்' என்று ஊரும் பேரும் இல்லாத ஒரு ஆளை வைத்துப் பேசுகிறது அந்தத் துறை. நம் நாட்டில் அப்படி ஒரு ஆள் பிறந்ததே இல்லை.

மொழியை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டு அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்களின் தளங்கள் பலவும் ஆங்கிலத்தில்தான் கதவு திறக்கின்றன. தமிழ் என்று ஒரு பொத்தான் இருந்தால், தொட்டதும் இயந்திர மொழிபெயர்ப்பு வரும். அதற்கு ஆங்கிலமே தேவலை. தமிழில் இருக்கும் அறிவிப்பும் பழைய எழுத்துருவில் அடித்ததாகவோ ஸ்கேன் செய்ததாகவோ இருக்கும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டது 2010-இல். ஸ்கேன் தாளுக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வையில்லாத மாணவரின் போன் அதைப் படித்துச் சொல்லாது. அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2009-இலேயே நெறிமுறை போட்டது, 2016-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. விதியெல்லாம் நிறையவே இருக்கிறது.

கட்டணப் பக்கம் இன்னொரு வேலை செய்கிறது. முழுக் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு என்ற செய்தி அந்தப் பக்கத்தில் இருக்காது. அது வேறு துறை, வேறு தளம். அந்தத் தொகையைப் பார்த்த இடத்திலேயே போனை அணைத்துவிட்டு, "வேணாங்கா, நான் திருப்பூருக்கே போறேன்" என்று சொன்ன பையன்களை எனக்குத் தெரியும். ஒரு வரி. கட்டணத்துக்குக் கீழே ஒரு வரி போட எவ்வளவு செலவாகும்?

விண்ணப்பப் படிவத்தில் சாதி கேட்கும் கட்டத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எங்கள் படிப்பகத்தில் ஒரு படிவம் நிரப்பினோம். மதம் என்ற கட்டத்தில் கிறித்தவர் என்று தேர்ந்தெடுத்ததும் சாதிக் கட்டத்திலிருந்து எஸ்.சி. காணாமல் போய்விட்டது. 1950 ஆணை ஒரு புள்ளிவிசைக்குள் குடியேறிவிட்டது என்று புரிந்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பவுத்தர்களையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆணை, கிறித்தவத் தலித்தை இன்னும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பி.சி. பட்டியலில். அது எங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த பையனுக்குத் தெரியாது, அவன் தன் சாதியைத் தேடிக்கொண்டே இருந்தான். எஸ்.சி. இல்லை என்றால் நீ எதில் வருவாய் என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால் அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்திருக்க மாட்டான். இன்னொரு படிவத்தில் 2009-இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்கான எஸ்.சி.ஏ. கட்டமே இல்லை.

இந்த இடத்தில் பேராசிரிய நண்பர் ஒருவர் மறித்தார். "நம்ம பசங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு. ரீல்ஸ் பாக்கத் தெரியுது, இது மட்டும் தெரியாதா? அக்கறை இல்ல தோழர்." நண்பர் நம்மவர்தான். அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பித் தருகிறேன். கீரை விற்கிற எங்கள் பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் கூடையில் க்யூ.ஆர். அட்டை இருக்கிறது, பக்கத்தில் ஒரு பெட்டி, இருபது ரூபாய் வந்தது என்று தமிழில் சொல்கிறது. எப்படி முடிந்தது? கம்பெனிக்குப் பெரியம்மாவின் இருபது ரூபாய் தேவைப்படுகிறது. ஆகவே அவள் காதுக்குக் கேட்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறான். ரீல்ஸ் செய்தவனுக்கும் அந்தப் பையனின் கட்டைவிரல் வேண்டும். கம்பெனிக்காரன் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. நம் பெரியம்மா புழங்கும்படி ஒன்றைச் செய்ய முடியும் என்பதற்கு அவனே சாட்சி. பல்கலைக்கழகத்துக்கு அவள் பேத்தி அப்படித் தேவைப்படவில்லை.

செய்ய முடியும் என்பதற்கு இன்னொரு சாட்சி அந்த முகப்பிலேயே இருக்கிறது. ராகிங் தடுப்பு. 2009-இல் யு.ஜி.சி. விதிமுறை வந்தது, இலவச உதவி எண் வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளத்திலும் அந்த எண் கண்ணில் படும். வேண்டியதுதான், அதில் நமக்குச் சண்டை இல்லை.

சாதிப் பாகுபாட்டுக்கு என்ன? 2010-களில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் சாதிப் பாகுபாடு பற்றிப் புகார் தர இணையதளத்தில் ஒரு பக்கம் உருவாக்குங்கள், பதிவாளர் அலுவலகத்தில் ஒரு புகார்ப் பதிவேடு வையுங்கள் என்று. 2012-இல் சமவாய்ப்பு ஒழுங்குமுறைகள் வந்தன. அதற்குப் பிறகுதான் 2016 ஜனவரியில் அய்தராபாத்தில் ரோகித் வெமுலாவைப் பறிகொடுத்தோம். 2019-இல் மும்பையில் பாயல் தத்வி. ரெண்டு தாய்மார்களும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அந்த 2019-இல்தான். யு.ஜி.சி. ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது என்பதிலேயே முதல் கடிதத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் புகார்ப் பக்கத்தை மட்டும் தேடினோம். சிலவற்றில் பக்கமே கிடைக்கவில்லை. ஒன்றில் இருந்தது, ஓய்வு பெற்றுப் போன ஒருவர் பெயரோடு. கூப்பிட்டுப் பார்த்தோம், அந்தத் தரைவழி எண் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் 'பணி நடக்கிறது' என்று மண்வெட்டி பிடித்த ஆளின் படம். முழுத் தளத்திலும் ஒரு கூலிக்காரர் படம் அது ஒன்றுதான்! இன்னொன்றில் படிவம் ஒழுங்காகவே இருந்தது, ஆனால் முதல் கட்டமே பதிவெண், ரெண்டாவது துறை, மூன்றாவது பெயர். மூன்றையும் நிரப்பாமல் நான்காவதுக்குப் போக முடியாது. நான்காவதில்தான் யார் மீது புகார் என்று கேட்கிறது. அனுப்பினால் யாருக்குப் போகும், எத்தனை நாளில் பதில் வரும் என்று எங்கும் இல்லை. தன் நெறியாளர் மீது புகார் சொல்ல வருகிற ஆய்வு மாணவி இதை நிரப்புவாளா? நல்ல வடிவமைப்பு என்றால் நிறம், எழுத்தின் அளவு, பொத்தானின் இடம் என்று பேசுகிறார்கள். இந்தப் படிவத்தில் பொத்தான் சரியான இடத்தில்தான் இருந்தது. பயம் எந்தக் கட்டத்தில் வரும் என்று யோசித்தவர் யாரும் இல்லை.

நல்லதே இல்லையா? இருக்கிறது. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தளத்தில் 'சாதி ஒழிப்பு' இருக்கிறது. 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாட்டுக்காரர்கள் பின்வாங்கியதால் பேசப்படாமல் போய், அவரே சொந்தச் செலவில் அச்சிட்ட உரை. அங்கே பேராசிரியராக இருந்த பிரான்செஸ் பிரிட்செட் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பேசுகிறது என்று தலைப்பு வைத்து, பத்திகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார். பார்க்கப் பழைய மோஸ்தர், நகர்கிற படம் கிடையாது, உள்நுழை, கடவுச்சொல் கிடையாது. சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்திலும் திறக்கும். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு "நாலாம் பகுதி மூணாம் பத்தி" என்று சொல்லிப் பேச முடிந்தது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, அந்தப் பல்கலைக்கழகத்தின் மற்ற பக்கங்கள் எப்படியோ, அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை. இந்தப் பக்கத்தைச் செய்தவர் முதன்முதலாக வந்து வாசிக்கப் போகிற ஒருவரை மனதில் வைத்திருந்தார். நம் ஊரில் 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் தளத்தின் நூலகமும் இந்த வகையில் சேரும். எம்.ஏ.வில் ஒரு உரைநூலை நகலெடுக்கக் காசில்லாமல் நின்ற எனக்கு, அங்கே நூல்கள் கேட்பாரின்றித் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் கோபம்கூட வந்தது, என் காலத்தில் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லையே என்று.

அந்தப் பெண்ணுக்கு விடுதி கிடைக்கவில்லை. காலை அஞ்சரைக்கு முதல் பஸ், மாறி இன்னொன்று. முதல் பருவம் அப்படியே போனது. நாங்கள் நீல்சன் சொன்ன வேலையைச் செய்தோம். படிப்பகத்திலிருந்து அய்ந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் போன். விடுதி விண்ணப்பத்தைக் கண்டுபிடி, உனக்கு உண்மையில் எவ்வளவு கட்டணம் என்று சொல், சாதிப் புகார் எங்கே கொடுப்பாய் காட்டு என்று மூன்று வேலை கொடுத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே விரல் நின்றது, எங்கே பெருமூச்சு விட்டார்கள், எங்கே போனைக் கீழே வைத்தார்கள் என்று நோட்டில் குறித்தோம். அதை நாலு பக்க மனுவாக எழுதிப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கினோம். வாங்கியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வெப்சைட்ல கம்ப்ளெய்ண்ட் போடலாமே, எதுக்கு நேர்ல வந்தீங்க?" என்றார். கேலி பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டார்.

ரெண்டு மாதம் கழித்து விடுதி விண்ணப்பம் முகப்புக்கு வந்தது. கடைசித் தேதியும் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். கட்டணப் பக்கத்தில் அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை. புகார்ப் படிவத்தில் பெயரும் பதிவெண்ணும் இப்போதும் கட்டாயம்தான். இரண்டாவது மனுவை அந்தப் பெண்ணே எழுதிக்கொண்டிருக்கிறாள், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும்.